நோட்டுப் புத்தகம் போதும், கதை சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஒரு மேசை, அதன்மேல் அடுக்கிய நோட்டுகள். நோட்டின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பிள்ளையும் பிடித்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுக்கிற மனதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அகதி முகாம்களிலும் செங்கல் சூளைகளிலும் தொழிற்பேட்டை லைன் வீடுகளிலும் வளரும் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுக்கப்படும் பணம், தவறான மாதத்தில் தவறான பொருளாகப் போய்ச் சேருகிறது.

சூளைக்கு வரும் குடும்பங்கள் மழை ஓய்ந்து, பொங்கல் முடிந்துதான் வந்து இறங்குகின்றன. அடுத்த மழைக்குள் ஊர் திரும்பிவிடுகின்றன. ஜூனில் கொடுத்து முடித்துவிட்ட நோட்டில் ஜனவரியில் வரும் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பிள்ளைக்கு நோட்டு முதல் தேவையும் அல்ல. வாரத்தில் 5 நாள் வந்து உட்கார்ந்து, அது பேசும் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, கதை சொல்லி, கதையிலிருந்து எழுத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் ஓர் ஆள்தான் தேவை. நன்கொடையை அந்த ஆளின் ஓராண்டு ஊதியமாகக் கொடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கணக்கு பெரிதல்ல. 25 பிள்ளைகள் வரும் ஒரு மாலை மையத்துக்கு, தினம் இரண்டு மணி நேரம் நடத்துபவருக்கு மாதம் 4,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 48,000. கதைப் புத்தகங்களுக்கு 6,000. பாய், விளக்கு, சுண்ணக்கட்டி, பென்சில், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 500 வீதம் இன்னொரு 6,000. ஆக 60,000. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய். மாதம் 500 கொடுக்கும் 10 பேர் கிடைத்தால் மையம் ஓடும். அந்த 10 பேர்தான் கிடைப்பதில்லை. தொடக்க நாளில் 30 பேர் பெயர் கொடுப்பார்கள், மூன்றாம் மாதம் 11 பேர் இருப்பார்கள், தீபாவளி தாண்டினால் 4 பேர். வாய்ச்சொல்லாக வாங்காமல் யு.பி.ஐ. ஆட்டோபேயில் ஓராண்டுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னால் இப்படிக் கரைந்துபோவது குறையும். அதோடு மூன்று மாத ஊதியமான 12,000 ரூபாயை வங்கியில் தனியாக வைத்த பிறகுதான் மையத்தைத் திறக்க வேண்டும். திறந்து மூடிய மையத்தைவிடத் திறக்காத மையம் மேல். அடுத்த முறை போனால் பிள்ளைகள் பாய் விரிக்கக்கூட நம்ப மாட்டார்கள்.

நடத்துபவர் வெளியிலிருந்து வரும் கல்லூரி மாணவராக இருப்பதைவிட உள்ளேயே இருப்பவராக இருப்பது நல்லது. 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் பக்கத்திலும், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டிலும் முகாம்களில் இருக்கின்றன. 2021-ல் அரசு பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறினாலும் குடியுரிமைச் சட்டம் மாறவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் இங்கே பிறந்தவர், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை பெற முடியாது. அதனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கி, அரசு வேலைக்கு மனுப் போட முடியாமல் இருக்கும் பெண்கள் முகாமுக்குள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் ‘அக்கா’. மழை நாளில் பஸ் வராது என்ற சாக்கு அவர்களுக்கு இல்லை. மாதம் 4,000 அவர்களுக்கும் கைகொடுக்கும். ஊதியத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடுங்கள், கணக்கும் சுத்தமாக இருக்கும்.

முகாமுக்குள் வெளியார் போய் வருவதற்கும் வகுப்பு நடத்துவதற்கும் அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், என்ன செய்யப் போகிறோம், எந்த நாள், எத்தனை மணி, யார் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘நல்லது செய்யத்தானே வந்தோம்’ என்று நேரே உள்ளே போனால் சங்கடம் நமக்கு வராது, முகாம்வாசிகளுக்கு வரும். அதிகாரிகள் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் மையம் வேண்டாம். வீட்டில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

இனி கதைக்கு வருவோம். ஈழத்தமிழில் ‘கதைக்கிறது’ என்றாலே பேசுவது. முகாம் பிள்ளை வீட்டில் ‘கதைக்கும்’, பள்ளியில் ‘பேசும்’. ‘வடிவு’ (அழகு), ‘கெதியா’ (சீக்கிரம்), ‘ஓம்’ (ஆமாம்) என்று வாயில் வருவதை வகுப்பில் திருத்தித் திருத்தி, ஆறாம் வகுப்புக்குள் பல பிள்ளைகள் வாயையே திறக்காமல் ஆகிவிடுகிறார்கள். மையத்தில் செய்ய வேண்டியது நேர் எதிர். பிள்ளை ஒரு கதை சொல்ல, பெரியவர் அதைச் சொன்ன சொல்லிலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல், கரும்பலகையில் எழுத வேண்டும். ஐந்தாறு வாக்கியம் போதும். எழுதியதை அந்தப் பிள்ளையே விரல் வைத்துப் படிக்கும். தான் சொன்னதுதான் என்பதால் அடுத்த சொல் என்னவென்று அதற்குத் தெரியும், அந்தத் தெரிதல்தான் எழுத்தைப் பிடிக்க உதவும் கொம்பு. மறுநாள் அதே வாக்கியங்களைக் காகிதத் துண்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். ‘பேசினான்’ என்ற பள்ளிச் சொல் மூன்றாம் நாள் வந்தால் போதும், ‘கதைச்சான்’ பக்கத்தில் இன்னொரு சொல்லாக. தவறுக்குத் திருத்தமாக அல்ல.

ஒரு எச்சரிக்கை. ‘உங்க ஊர்ல என்ன நடந்துச்சு, எப்படித் தப்பிச்சு வந்தீங்க’ என்று பிள்ளையிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்காதீர்கள். நன்கொடையாளர்கள் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அதுதான் நெஞ்சைத் தொடும் என்று. சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார், அப்போது கேளுங்கள். நாமாகக் கேட்க வேண்டியது விடுகதை, தாலாட்டு, பேய்க்கதை, ஊர்க் குளத்துக் கதை, புட்டு அவித்த கதை. இவற்றுக்குக் கூட்டம் சேரும், சிரிப்பு வரும், மறுநாளும் வருவார்கள்.

வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு வழி வேறு. கடலூர் சிப்காட், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளின் பக்கத்து லைன் வீடுகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கக் குடும்பங்கள் கலந்து இருக்கின்றன. எல்லாரையும் ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்று ஒரே பாயில் உட்கார வைப்பது முதல் தவறு. தண்ணீரை இந்திப் பிள்ளை ‘பானி’ என்னும், ஒடியாப் பிள்ளை ‘பாணி’ என்னும், வங்கப் பிள்ளை ‘ஜொல்’ என்னும். முதல் வாரம் யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சார்ட் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஒன்றில் படம், அடுத்ததில் பிள்ளையின் மொழிச் சொல் தமிழ் எழுத்தில், மூன்றாவதில் தமிழ்ச் சொல். நாளுக்கு 5 சொல், அதற்குமேல் வேண்டாம்.

அடுத்த இடறல் எழுத்திலேயே இருக்கிறது. இந்தியிலும் ஒடியாவிலும் ககர வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள், நமக்கு ஒன்றே. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ஒரே க, ஆனால் மூன்று ஒலி. அங்கே இரண்டு வகுப்புப் படித்துவிட்டு வந்த பிள்ளை ‘தங்கம்’ என்பதை ‘தன்கம்’ போலப் படித்தால் அது மந்தம் இல்லை, தன் மொழிப் பழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது, அவ்வளவுதான். இதற்கு விதி உண்டு, ஆனால் விதி சொல்லிச் சிறு பிள்ளைக்கு ஏறாது. சொல் காதில் முதலில் ஏற வேண்டும், கண்ணில் பிறகு. அதற்காகத்தான் எழுத்து அட்டைக்கு முன் கதை. முதல் ஆறு வாரம் எழுத்துப் பாடம் நடத்தாமல் ஒரே கதையைப் படம் காட்டி, நடித்து, திரும்பத் திரும்பச் சொன்னால் ஏழாம் வாரம் எழுத்து சீக்கிரம் பிடிபடும். ‘ஆறு வாரமாகக் கதைதான் சொல்றாங்களாம்’ என்று கொடுப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

புத்தகத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. சிறுவர் நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை, ஒரே படங்களோடு, தமிழ், இந்தி, ஒடியா, வங்கம் எனப் பல மொழிகளில் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம். கதைகள் 4 நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிள்ளைக்கு 10 வயது என்பதற்காக நான்காம் நிலையை எடுக்காதீர்கள், தமிழில் அது முதல் வகுப்புப் பிள்ளைதான். ஒரே தலைப்பில் 4 பிரதி வீதம் 25 தலைப்பு வாங்குவது, 100 வெவ்வேறு புத்தகம் வாங்குவதைவிடப் பயன்படும். நான்கு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துச் சேர்ந்து படிக்கலாம். வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பழைய கைடுகளும் டி.என்.பி.எஸ்.சி. வினா வங்கிகளும் தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாட்டில் 2018 முதல் பாடப் புத்தகங்கள் மாறிவிட்டன. உங்கள் பிள்ளை படித்த பழைய புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, ஆகாது என்று கழித்து, எடைக்குப் போடவே எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது.

பிள்ளைகள் சொன்ன கதைகளையே புத்தகமாக்கலாம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம். 4 தாளில் 16 பக்கம், மேலே கெட்டித் தாளில் ஓர் அட்டை. பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காக வர வேண்டும். 18 பக்கத்துக்குக் கதை வந்தால் இரண்டு பக்கம் குறையுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் இளிக்கும். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு மூன்று வரி. எழுத்து அளவு சிறு பிள்ளைகளுக்கு 24 பாயின்ட், நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு 18. சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது, ஓரத்திலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. உள்ளே போக வேண்டும். நீளக்கை ஸ்டேப்ளர் இல்லாவிட்டால் மூன்று ஓட்டை போட்டுக் கோணி ஊசியில் நூல் கோத்துத் தைத்துவிடலாம், பிரிந்துபோகாமல் நிற்பது அதுதான். பெரியவர்கள் சொல்லும் கதைகளைப் பதிவு செய்வதானால் ஃபேனை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, சொல்பவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது முயலவே வேண்டாம். பதிவுக்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்கி, அந்தச் சம்மதத்தையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், முகாம் பெயர், முகம் மூன்றும் ஒரே இடத்தில் அச்சாகக் கூடாது. நன்கொடையாளர் படம் கேட்டால் இந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நேரம் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் நடக்காது. எல்லா இடத்துக்கும் மாலை 6 மணி என்று வைப்பதுதான் வழக்கம். சூளையில் கல் அறுப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியே எழுந்துவிடுவார்கள். பிள்ளைகளும் கூடவே எழுந்து, காய்கிற கல்லைத் திருப்பிப் போடும். அந்த வீடுகளில் மாலை 7 மணிக்கே எல்லாரும் படுத்துவிடுவார்கள். சூளை மையத்துக்கு ஏற்ற நேரம் பிற்பகல் 4 முதல் 6 வரை. லைன் வீடுகளில் அம்மா ஷிப்டுக்குப் போகும் நாளில் பெரிய பெண்பிள்ளைதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும், அது வராது. கைக்குழந்தையோடு வரலாம் என்று சொல்லி, ஓரத்தில் ஒரு தூளி கட்டிவிட்டால் வரும். இந்தத் தூளிக் கயிற்றுக்கு எந்த நன்கொடைப் படிவத்திலும் இடம் இருக்காது. எந்த மையமானாலும் பெரியவர்கள் இரண்டு பேராவது இல்லாமல் வகுப்பு வேண்டாம்.

மையம் பள்ளிக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுக்குள் உள்ள எந்தப் பிள்ளையையும் வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, கல்வியாண்டு பாதி ஓடிவிட்டது என்றோ திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதைச் சரிக்கட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் சூளைக்குப் போய்ப் பெயர், வயது, வீட்டு மொழி, கடைசியாகப் படித்த வகுப்பு, ஊர் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, ஒரு பிரதி தலைமை ஆசிரியருக்கும் இன்னொன்று கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கும் கொடுத்து, மூன்றாவதில் கையெழுத்து வாங்குங்கள். ‘வந்து உட்காரட்டும் சார், பார்த்துக்கலாம்’ என்று வாய்மொழியாக ஏற்றுக்கொள்வதோடு திருப்தி அடையாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் பதிவு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை கணக்கில் இல்லாத பிள்ளை, ஊர் திரும்பும்போது கையில் ஒரு சான்றும் இருக்காது.

தென்பெண்ணையின் இரு கரைக்கும் நடுவே இன்னொரு சிக்கல். கடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், பாகூர்ப் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன. மேஸ்திரி அந்தக் கரையில் வேலை பிடித்தால் சில கிலோமீட்டரில் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் மொத்தமும் மாறிவிடும். எல்லையோர மையங்களில் 1 முதல் 5 வரை இரண்டு பாடத்திட்டப் புத்தகங்களும் ஒரு செட் வீதம் இருக்கட்டும். இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள் முகாம் மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தைக் கவனிக்கலாம். 2021-ல் அரசு உதவித்தொகையை பாலிடெக்னிக்குக்கு 2,500-லிருந்து 10,000 ஆகவும், கலை அறிவியல் இளநிலைக்கு 3,000-லிருந்து 12,000 ஆகவும் உயர்த்தியது. சேர்க்கைக் கட்டணம் கல்லூரி கேட்கும் நாளில் கட்ட வேண்டியது, உதவித்தொகை அதற்குப் பிறகு வருவது. இந்த இடைவெளியில்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள். ஒரு சுழல் நிதி வைத்து, கட்டணத்தை நேரே கல்லூரிக் கணக்கில் கட்டி, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெற்றால் அதே பணம் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குப் போகும்.

வரி விஷயம். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவை (‘80ஜி’ என்று சொல்லப்படுவது) நம்பிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ பொருளாகக் கொடுத்தாலோ கிடையாது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சித்தப்பா, அத்தை இருக்கும் குடும்பங்கள் பல. விடுமுறைக்கு வரும்போது மையத்தைப் பார்த்து மனம் இளகி, ‘இந்தாங்க, வச்சுக்கங்க’ என்று ரூபாயாகவே கொடுப்பார்கள். நம் தமிழரே ஆனாலும் வெளிநாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை, ரூபாயில் கொடுத்தாலும், இங்கேயே நின்று கொடுத்தாலும், வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாத மையம் அதை வாங்கக் கூடாது. பதிவுள்ள நிறுவனங்களும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும், 2020 திருத்தத்துக்குப் பின் வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. எனவே அந்தச் சித்தப்பா, இந்தப் பணியைத் தானே நேரடியாகச் செய்யும் பதிவுள்ள நிறுவனத்துக்குக் கொடுக்கட்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தடை இல்லை.

அக்டோபர் பிறக்குமுன் புத்தகங்களைப் பத்திரப்படுத்துவது தனி வேலை. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று பார்த்த வட்டாரம் இது. தகர டிரங்குப் பெட்டி வேண்டாம், உப்புக் காற்றில் இரண்டே ஆண்டில் அடி துருப்பிடித்துப்போகும். வாய் அகன்ற, மூடியும் பூட்டு வளையமும் உள்ள நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று, அடியில் இரண்டு செங்கல், உள்ளே காய்ந்த வேப்பிலை. புத்தகத்தை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி ஆறவிட்ட பிறகு அடுக்குங்கள். ஈரத்தோடு மூடினால் வெள்ளம் வராமலே பூஞ்சணம் தின்றுவிடும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. ஜூன் படங்களைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில், ‘உங்கள் ஊர்ச் சூளைக்குப் புதிதாகப் பிள்ளைகள் வந்திருக்கிறார்களா? பக்கத்துப் பள்ளிக்கும் வட்டார வள மையத்துக்கும் தெரிவியுங்கள்’ என்று மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிக் கட்டம் ஒன்று போட முடியுமா? கடலூர்ப் பதிப்பிலும் புதுச்சேரிப் பதிப்பிலும் ஒரே நாளில் வந்தால் நல்லது, மேஸ்திரிகள் இரண்டு பக்கமும் ஆள் இறக்குகிறார்கள்.

இப்படிக்கு,
மாலை வாசிப்பு மையத் தன்னார்வலர்கள் சிலர்,
கடலூர்.